ஸ்டோரில் காய்ந்த பானெட்டு

போடி
12.11.2024

அக்காவுக்கு,

வினோத்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன், சிரிக்காதே. பதினொரு தடவை போன் அடித்துவிட்டேன். முழுசாக அடித்து அடங்குகிறதே தவிர நீ எடுக்கவில்லை. வெள்ளைத்துரை அண்ணன் தினமும் ஜீப்பில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி உன் வீட்டைத் தாண்டித்தானே போகிறார். "எழுதிக் குடு மாப்ளே, நான் சேத்துடுறேன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் என்ன தப்புச் செய்தேன்? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. தீபாவளிச் சீர் கொண்டுவந்தேன். பலகாரத் தூக்குக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி என் ஜீப்பின் பானெட்டையும் இரண்டு மட்கார்டையும் கொண்டுவந்தேன், அதுவும் உன்னைக் கேட்டுத்தான். இங்கே பத்து நாளாக விடாத மழை, ஷெட்டில் அடித்த பெயிண்ட் எல்லாம் வெளுத்துப் போகிறது என்று புலம்பியதற்கு, "மச்சானும் அத்தையும் புள்ளைகளோட சின்னமனூர் போறாக. காய் எடுக்கிற ஆளுகளும் வர மாட்டாக. ஸ்டோரு நாலு நாளு சும்மாதான கிடக்கும், கொண்டாடா" என்று சொன்னது நீ. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் பெயிண்டை அடித்து உலர்த்தலாம் என்று நீ சொல்லும் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. தூசி இல்லை, ஈரம் இல்லை, சூடு ஒரே சீராக இருக்கிறது. அடுப்பை நீதான் பற்றவைத்தாய். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கதவு, சன்னல் எல்லாம் திறந்து போட்டு, வாடை துளிகூட இல்லை என்று நீயே முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் இறங்கினேன். அப்புறம் என்ன கோபம்?

இன்னொரு குழப்பம். அங்கே ஸ்டோர் இருட்டில் கண்ணாடியாகத் தெரிந்த பானெட்டில் இப்போது கடுகளவு கடுகளவாகக் குழி. ஏன் என்று விளங்கவில்லை. மதுரையில் டிசம்பர் பதினைந்தாம் தேதி கண்காட்சி. குறைந்த செலவில் கட்டிய வண்டி என்று தனிப் பிரிவு இருக்கிறது. பழைய இரும்புக்கடையில் கிடந்த ஜீப்பை நான் இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நாலு பேர் பார்த்தால்தான் ஷெட்டுக்கு வேலை வரும். அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, எந்த வேலை எங்கே நடந்தது, யார் கை கொடுத்தார்கள் என்று ஒரு பலகையில் எழுதி வண்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பொய் எழுதியது தெரிந்தால் வண்டியையே பார்க்க மாட்டார்கள். உன் பேரைப் பெரிய எழுத்தில் போடலாம் என்றிருக்கிறேன். பதில் எழுது.

வினோத்து


மேட்டு ஸ்டோர்
16.11.2024

தம்பி வினோத்துக்கு,

போன் அடிக்காதே. இங்கே டவர் எடுப்பது களத்து மூலையில் ஒரே ஒரு இடத்தில்தான். அங்கேதான் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் எடுத்துப் பேச முடியாது. மெசேஜும் போடாதே, போன் எப்போதும் பிள்ளைகள் கையில்.

உனக்கு நிஜமாகவே தெரியாதா, தெரியாத மாதிரி எழுதுகிறாயா? நாலாம் தேதி எடுத்த காயை ஸ்டோரில் ஏற்றி உலர்த்தி, சாம்பிள் ஏலத்துக்குப் போனது. மலையாளத்துக்காரர் ஒருத்தர் உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகர்ந்துவிட்டு, "மண்ணெண்ணயுடெ மணமாணல்லோ" என்று கீழே வைத்தாராம், மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதாம். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. மொத்த லாட்டும் திரும்பி வந்துவிட்டது.

வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. "ஒச்சம்மாதான் ஈர வெறகு பத்தலன்னு மண்ணெண்ணெயை ஊத்தியிருப்பா, வேற யாரு?" என்றார்கள் அத்தை. எட்டு வருஷமாக ஸ்டோர் அடுப்பைப் பார்ப்பவள் ஒச்சம்மாள். "எங்காத்தா மேல சத்தியமா ஊத்தல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் மச்சான் என் பக்கம் திரும்பி, "சாவி ஒங்கிட்டதான இருக்கு. நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி முடிந்து திங்கட்கிழமை வந்தவள், "என்னா தாயி, உள்ள ஒரு வாடை?" என்று கேட்கத்தான் செய்தாள். பினாயில் ஊற்றிக் கழுவினேன் என்றேன். நீ உபயோகித்தது தின்னர். அந்த ஆள் சொன்னது மண்ணெண்ணெய். இரண்டும் வேறு வேறுதானே? அப்படியானால் அவள்தான் ஊற்றியிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும் என்று ராத்திரி படுக்கும்போது தோன்றுகிறது, காலையில் அடுப்பைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. எனக்கே பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

தீபாவளிக்கு நாம் ஸ்டோரைத் திறந்தது யாருக்கும் தெரியாது. பலகையில் போடி ஷெட்டில் அடித்த பெயிண்ட் என்று எழுது. என் பேரைப் பெரிய எழுத்திலும் போடாதே, சின்ன எழுத்திலும் போடாதே.

ரேணுகா


போடி
20.11.2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வண்டி வேலையில் கையே ஓடவில்லை. ஒச்சம்மாக்காவை அனுப்பிவிட்டீர்களா? நான் அங்கே வரும்போதெல்லாம் கேட்காமலேயே கட்டங்காப்பி கொண்டுவந்து வைப்பாரே, அவரையா? வெள்ளைத்துரை அண்ணனிடம் விசாரித்தேன். ஒச்சம்மாக்கா அவர் ஜீப்பில்தான் இப்போதும் ஏறுகிறாராம். உங்கள் ஸ்டோரைத் தாண்டி வேறு ஒரு எஸ்டேட்டில் காய் எடுக்கிறார். அடுப்பு வேலை கேட்டாராம். "மண்ணெண்ணெய் ஒச்சம்மாவா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். பேர் அதற்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது.

அக்கா, நான் மண்ணெண்ணெய் கொண்டுவரவே இல்லை. தின்னரைக்கூட வெளியே மரத்தடியில் வைத்துத்தான் கலந்தேன். தரையில் சாக்கு விரித்துத்தான் அடித்தேன். இதில் என் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

பானெட்டுக் குழிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நேற்று அபூர்வமாக வெயில் அடித்தது. வண்டியை வெளியே தள்ளி நிறுத்தினேன். பானெட்டு சூடானதும் குப்பென்று ஏலக்காய் வாசம். டயர் பஞ்சர் ஒட்ட வந்தவன், "டீ போடுறியாண்ணே?" என்று கேட்கிறான். உங்கள் ஸ்டோர்ச் சுவரைத் தொட்டால் பிசுபிசு என்று இருக்குமே, அந்தக் காய் எண்ணெய் சூட்டில் கிளம்பி ஈரப் பெயிண்டில் இறங்கியிருக்கிறது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. மறுபடி தேய்த்து அடிக்க மழை விடாது.

பலகையில் எழுதவேண்டியதை முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். போடி ஷெட் என்று எழுதினால் அது பொய். ஸ்டோர் என்று எழுதினால் நீ மாட்டுவாய். நான் என்னதான் எழுத?

வினோத்து


மேட்டு ஸ்டோர்
24.11.2024

வினோத்து,

உன் கடிதத்தை என் கையில் கொடுத்தது யார் தெரியுமா? ஒச்சம்மாள்.

வெள்ளைத்துரை அண்ணன் மேலே ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இவளை அனுப்பியிருக்கிறார். போன தடவையும் இவள்தான் கொண்டுவந்து கேட்டில் செருகிவிட்டுப் போனாளாம். இந்தத் தடவை நான் வாசலில் நின்றேன். தப்பிக்க வழியில்லை. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "தம்பி லெட்டரு குடுத்துவிட்டிருக்கு தாயி" என்று நீட்டினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தானே சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

கொடுத்துவிட்டுத் திரும்பியவள் நின்றாள். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள். கடிதத்தை வாங்கி அதையும் முகர்ந்தாள். "இந்த வாடைதான் தாயி அன்னைக்குக் காய்த் தட்டுல அடிச்சது. மண்ணெண்ணெய் இல்ல இது. டீசலு" என்றாள். மேலே ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டாள். அவள் என்னைச் சந்தேகப்பட்டாளா, சும்மா சொல்லிவிட்டுப் போனாளா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. டீசலை எங்கே தொட்டாய்?

ரேணுகா


போடி
26.11.2024

அக்கா,

தட்டில்.

உன் கடிதம் வந்தபோது நான் துருப்பிடித்த போல்ட்டு ஒன்றை டீசல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே துடைக்கிறேன், கை தானாகப் போகிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஸ்டோரில் பெயிண்ட் காய்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேனா. காய் பரப்புகிற கம்பித் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஓரமெல்லாம் துரு. நீ அவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாய், நம்மால் ஆனது என்று இடுப்பில் இருந்த டீசல் துணியை எடுத்து இருபது இருபத்தைந்து தட்டைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. எங்கள் தொழிலில் துருவைப் பார்த்தால் துடைப்போம், அவ்வளவுதான். அதில் நாளைக்குக் காய் பரப்புவார்கள், சூடு ஏறும், வாடை இறங்கும் என்று யோசிக்கவில்லை. எனக்கு அறிவு என்ற ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

உன் காய் என் பெயிண்டைக் கெடுத்தது, என் டீசல் உன் காயைக் கெடுத்தது. அது நமக்குள். நடுவில் ஒச்சம்மாக்கா எங்கிருந்து வந்தார்?

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தீபாவளி அன்று உனக்குத் தெரியாமல் நானே ஸ்டோருக்குள் புகுந்தேன் என்று பலகையில் எழுதிவிடுகிறேன். மச்சானிடமும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஒச்சம்மாக்கா மேல் உள்ள பழி போய்விடும், உனக்கும் ஒன்றும் வராது. திட்டினால் என்னைத்தானே திட்டுவார்கள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சரி என்றால் செய்கிறேன்.

வினோத்து


மேட்டு ஸ்டோர்
28.11.2024

வினோத்து,

அப்படியே எழுது.

இதை எழுதும்போது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் கழித்துத்தான் அத்தை ஸ்டோர் சாவியை இடுப்பிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அதுவரைக்கும் எங்கள் காயை நானே பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. சாவி கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்டோரைத் திறந்துவிட்டது நான், அதை மறைத்தது நான், ஒருத்தி அழும்போது வாயை மூடிக்கொண்டு நின்றது நான் என்று தெரிந்தால் சாவியா மிஞ்சும்? மச்சான் என்னிடம் பேசுவாரா என்பதே சந்தேகம்.

நீ சொன்னால் அவள் திரும்ப வந்துவிடுவாள் அல்லவா? அது போதும். போதும்தானே?

ரேணுகா


போடி
5.12.2024

அக்காவுக்கு,

பலகை வாசகத்தை அனுப்பிவிட்டேன். "பெயிண்ட் உலர்ந்தது ஏலக்காய் ஸ்டோரில், வீட்டாருக்குத் தெரியாமல்" என்று எழுதினேன். நேற்று மச்சானை ஏலம் நடக்கிற இடத்து வாசலில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். டீசல் துடைத்ததையும் சொன்னேன். ஒச்சம்மாக்கா மேல் தப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அடிப்பார் என்று நினைத்துக் கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லி வண்டியில் ஏறிவிட்டார். அந்த "சரி"க்கு என்ன அர்த்தம்?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையா? எனக்கு நிம்மதி வரவில்லை. பானெட்டைத் தேய்க்கப் போனால் அந்தக் குழிகள்தான் கண்ணில் படுகின்றன. சீட்டுக்கு உறை போட்டேன், பழைய கைத்தறிச் சேலைத் துணியில் பச்சைக் கரை வைத்து. நீ பார்த்தால் பிடிக்கும். இனி உன் வாசலுக்கு நான் வர முடியுமா என்று தெரியவில்லை. எனக்காக அதை மட்டுமாவது கேட்டுச் சொல்.

வினோத்து


மேட்டு ஸ்டோர்
11.12.2024

அன்புத் தம்பிக்கு,

நீ மச்சானிடம் சொன்ன மறுநாளே ஒச்சம்மாக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். களத்தில் எல்லோரும் இருந்தோம். "எவளோ ஊத்துனான்னு நெனச்சுட்டோம். இவ தம்பிப்பயதான் திருட்டுத்தனமா உள்ள நொழஞ்சிருக்கான். நீ நாளையில இருந்து வா" என்றார்கள் அத்தை. மச்சான், இனி அவன் இந்தப் படி ஏறக்கூடாது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முடிந்தது, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் போதும் என்று நினைத்தேன்.

ஒச்சம்மாக்கா இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பூட்டு ஒடையலையே. அதுக்கு இருக்கிறது ஒரே சாவி" என்றார். என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போகத் திரும்பினார்.

வினோத்து, அவர் திட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். நாலு எட்டு வைத்திருப்பார், எனக்குத் தாங்கவில்லை. "நான்தான் தொறந்துவிட்டேன்" என்று கத்திவிட்டேன். அடுப்புப் பற்றவைத்தது, பினாயில் என்று புளுகியது, அவர் அழுதபோது சும்மா நின்றது, நீ பழியை உன் தலையில் போட்டுக்கொண்டபோது சரி என்று எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். என்ன வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை சாவியைக் கேட்டு வாங்கி ஒச்சம்மாக்கா கையில் கொடுத்துவிட்டார்கள், அதன் பிறகுதான் அவர் வேலைக்கு வரச் சம்மதித்தார். மச்சான் ஆறு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். காலையில் நான் ஸ்டோர் வாசலில் போய் நிற்கிறேன், ஒச்சம்மாக்கா ஜீப்பை விட்டு இறங்கி வந்து திறந்துவிடுகிறார். அதுவரைக்கும் பனியில் நிற்கவேண்டியதுதான். முதல் நாள் அவமானமாக இருந்தது. இப்போது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பலகையை மாற்றி எழுது. நேரம் கடந்துவிட்டது என்றால் கையால் எழுதி ஒட்டு. திறந்துவிட்டது அக்கா ரேணுகா என்று போடு. பெரிய எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை.

அக்கா


போடி
16.12.2024

அக்கா,

நேற்று மதுரை போய் வந்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பரிசு இல்லை.

பலகையைத் தூக்கிப்போட்டுவிட்டு அட்டையில் புதிதாக எழுதினேன். "பெயிண்ட் உலர்ந்தது ஏலக்காய் ஸ்டோரில். திறந்துவிட்டது அக்கா ரேணுகா. தட்டில் டீசல் தேய்த்துக் காயைக் கெடுத்தது நான். செய்யாத தப்புக்கு வேலையிழந்தது ஒச்சம்மாள்." வண்டியைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் என்னத்தையோ எழுதியிருக்கிறான் என்று பக்கத்து வண்டிக்காரன் சிரித்தான். நடுவர் ஒரு அம்மா. பானெட்டைத் தடவிப் பார்த்து, "ஏம்ப்பா இத்தனை குழி?" என்றார். அட்டையைக் காட்டினேன். நின்று முழுதும் படித்தார். குனிந்து பானெட்டை முகர்ந்தார். சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. குழிக்கு மார்க்கைக் குறைத்துவிட்டு, கம்பம் ஊரில் தன் தம்பியிடம் ஒரு பழைய ஜீப்பு கிடக்கிறது, வந்து பார் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். இது ஜெயித்த கணக்கா தோற்ற கணக்கா என்று இன்னும் விளங்கவில்லை.

மதியத்துக்கு மேல் வெள்ளைத்துரை அண்ணன் ஒரு ஜீப்பு நிறைய ஆள் கொண்டுவந்து இறக்கினார். ஞாயிற்றுக்கிழமைதானே, அவர் ஜீப்பில் மலைக்கு ஏறுகிற அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒச்சம்மாக்காவும் வந்திருந்தார். வண்டியைப் பார்க்கவில்லை. நேராக அட்டைக்கு முன்னால் போய் நின்றார்.

"படிடா தம்பி."

படித்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மண்ணெண்ணெய் ஒச்சம்மாவா என்று சிரித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

"எம்பேரு எது?"

காட்டினேன். பக்கத்தில் விரல் வைத்து, எழுத்தில் படாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பி வரும்போது என் வண்டியில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். சேலைக் கரைச் சீட்டை வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தார். போடியில் இறங்கியதும் இடுப்பில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். உன்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "ஒங்கக்காவுக்கு ஒரு நல்ல சொட்டரு வாங்கிக் குடு. காலையில வெறும் சேலையோட நிக்கிது" என்றார். நாலடி போய்த் திரும்பி நின்றார்.

"பொங்கலுக்குச் சீர் கொண்டாந்தேன்னா அந்தத் துணியை இங்கயே போட்டுட்டு வா. டீசலோட எங்க ஸ்டோர் பக்கம் வந்த, கை காலை ஒடிச்சுப்புடுவேன்."

ஸ்வெட்டர் இந்தக் கடிதத்தோடு வருகிறது. அதையும் அவர்தான் கொண்டுவருவார்.

வினோத்து